ஏரிக்கரையிலிருந்து கோமுகம் வரை: மூத்த தம்பதியருக்கு ஒரு பனியாற்று நடை

புதுச்சேரியின் வில்லியனூரோ பாகூரோ, நாம் குடியிருப்பது கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில். கங்கை புறப்படும் கோமுகம் ஏறத்தாழ 3,900 மீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள உயரத்தை உள்ளூரில் இருந்தபடி பழகிவிட முடியாது. காலைப் பழக்கலாம், முட்டியைப் பழக்கலாம், மூச்சைக்கூட ஓரளவு பழக்கலாம். உயரத்தைப் பழக்க மட்டும் தென்னிந்தியாவில் இடமே கிடையாது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த தொட்டபெட்டா 2,637 மீட்டர். கேரளத்து ஆனைமுடி 2,695. பேருந்தில் போய் இறங்கும் கங்கோத்ரியே 3,100 மீட்டருக்கு மேல் என்கிறபோது, ஊட்டி குளிரைத் தாங்கியவர்கள் இதையும் தாங்குவார்கள் என்ற கணக்கு செல்லாது.

அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. அறுபது வயதில் பணி ஓய்வு, பிள்ளைகள் அவரவர் வேலையில், சம்பா அறுவடை தை மாசியோடு முடிந்து களமும் காலி. உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. திருக்காஞ்சியில் சங்கராபரணிக் கரையில் மாசிமகத்துக்குத் தலை முழுகும் நம் பக்கத்துக்காரர்கள் பலருக்கு, கங்கையை அதன் பிறப்பிடத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை மனசுக்குள் உண்டு. அந்த ஆசையைத் தள்ளிப் போடாதீர்கள். இமயத்தில் வயது வரம்பு உள்ள பயணங்கள் இருக்கின்றன. வெளியுறவு அமைச்சகம் நடத்தும் கைலாச மானசரோவர் யாத்திரைக்கு எழுபதுதான் எல்லை; அமர்நாத்துக்கும் அப்படியே. கோமுகத்துக்குச் சட்டம் வயது பார்ப்பதில்லை, ஆனால் முட்டி பார்க்கும்.

இந்த அத்தியாயம் கணவன், மனைவி இருவராகப் போகிறவர்களுக்கு. குழுவாகப் போவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. குழுவில் ஒருவருக்கு முடியாமல் போனால் ஒருவர் துணைக்கு நிற்பார், மற்றவர்கள் மேலே போவார்கள். தம்பதியில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் இருவரும் திரும்ப வேண்டும். ஆகவே வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே இரண்டு விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள். ஒன்று, நடையின் வேகம் மெதுவாக நடப்பவருடைய வேகம்தான். இரண்டு, 'திரும்பலாம்' என்று யார் முதலில் சொன்னாலும் அந்த இடத்திலேயே திரும்புவது. ஏன், எதற்கு, இன்னும் கொஞ்ச தூரம்தானே என்ற பேச்சுக்கு இடம் கிடையாது. இந்த ஒப்பந்தம் இல்லாமல் நல்ல ஷூவும் விலை உயர்ந்த ஜாக்கெட்டும் வாங்கிப் பயனில்லை.

முதலில் டாக்டர்

பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் இதை முடித்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் டெஸ்ட், ரத்தத்தில் சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு. ஜிப்மரிலோ உங்களுக்குப் பழக்கமான இதய மருத்துவரிடமோ போய், "கங்கோத்ரிக்குப் போகிறோம்" என்று மட்டும் சொல்லாமல், "3,900 மீட்டர் உயரத்தில் மூன்று நாள் நடக்கப் போகிறோம்" என்று எண்ணோடு சொல்லுங்கள். கோயில் யாத்திரை என்று கேட்டால் மருத்துவர் ஒரு மாதிரி யோசிப்பார். உயரத்தைச் சொன்னால் வேறு மாதிரி யோசிப்பார்.

வயது கூடக்கூட உயர நோய் அதிகம் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வயதானவர்களுக்கு அங்கே ஆபத்து வேறு வழியில் வருகிறது: இதுவரை வெளியே தெரியாமல் இருந்த இதயக் கோளாறு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், ரத்தசோகை. உயரத்தில் அழுத்தம் ஏறும். கீழே மாத்திரை போட்டு 130-இல் நிற்பது அங்கே நிற்காது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் அது உறைந்து போகாமல் உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டோடு வைத்திருக்க வேண்டும்; ஒருமுறை உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் உதவாது. சர்க்கரை பார்க்கும் கருவியும் குளிரில் தவறாகக் காட்டும், அதையும் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். டயமாக்ஸ் என்று கடையில் கேட்கும் அசிட்டசோலமைடு மாத்திரையை உயர நோய் வராமல் தடுக்கப் பலர் எடுக்கிறார்கள். நல்ல மருந்துதான். சல்பா ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சில சிறுநீரகக் கோளாறுகள் உள்ளவர்களுக்கும் ஆகாது. வேறு மாத்திரைகளோடு சேருமா என்பதையும் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்று நீங்களாகப் போடாதீர்கள்.

சமவெளியில் இருந்து மலைக்குப் பழகுவது

மே கடைசி, ஜூன் முதல் வாரம் ஒரு நல்ல காலம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை இன்னொன்று. வானம் அப்போது இன்னும் தெளிவு. நம் ஊர்க்காரர்களுக்கு நான் மே மாதத்தையே சொல்வேன். பயிற்சிக்கு வாகான தை, மாசி, பங்குனி கையில் இருக்கும். செப்டம்பருக்குத் தயாராக வேண்டுமென்றால் சித்திரை வெயிலில் தொடங்கி ஆடிக் காற்றில் நடக்க வேண்டும்.

பொங்கல் முடிந்த கையோடு தொடங்குங்கள். பாகூர் பக்கத்துக்காரர்களுக்கு ஏரிக்கரை இருக்கிறது. பெண்ணையாற்றுத் தண்ணீரை பங்காரு வாய்க்கால் கொண்டுவந்து நிரப்பும் அந்த ஏரியின் கரைமேல், பனைகளை ஒட்டிய மண்பாதையில் விடிந்ததும் நடப்பது தார்ச்சாலையில் நடப்பதைவிடப் பத்து மடங்கு மேல். மண் மேடுபள்ளமாக இருக்கும், கணுக்கால் ஒவ்வோர் அடிக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். மலைப்பாதை கேட்பது அதைத்தான். வில்லியனூர்க்காரர்களுக்கு ஊசுட்டேரிக் கரை; குளிர்காலத்தில் வலசைப் பறவைகளும் துணைக்கு வரும். இருட்டில் மட்டும் கரையில் நடக்காதீர்கள். கட்டுவிரியன் நடமாடும் நேரம் அது.

முதல் மாதம் தூரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், வாரத்துக்கு ஐந்து நாள் விடாமல் நடப்பதே பெரிது. இரண்டாம் மாதத்திலிருந்து முதுகில் பையைப் போடுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கி ஐந்து கிலோ வரை ஏற்றலாம். ஊரில் பார்ப்பவர்கள் "எங்க சார், பையோட?" என்று கேட்பார்கள். சிரித்துவிட்டு நடங்கள்.

வேகத்துக்கு ஓர் அளவு உண்டு. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் பேச முடிய வேண்டும். கணவன் நாலு அடி முன்னால் போய்க்கொண்டு, "என்னம்மா, பின்தங்கிட்ட?" என்று திரும்பிக் கேட்பதும், மனைவி மூச்சு வாங்கியபடி, "நீங்க போங்க, வரேன்" என்பதும் நம் வீடுகளில் சகஜம். அந்த 'நீங்க போங்க'வை ஏரிக்கரையிலேயே நிறுத்திவிட வேண்டும். மலையில் அந்த நாலு அடி நானூறு அடியாகும். முன்னால் போனவருக்குப் பின்னால் வருபவரின் முகம் தெரியாது. உயர நோய் வந்தால் மற்றவர் அதைக் கண்டுகொள்வது முகத்தையும் பேச்சையும் வைத்துத்தான். பயிற்சி நாட்களில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். எங்கள் வீட்டில் நான் முன்னால், என் கணவர் பின்னால். முதலில் அவருக்கு அது சிரமமாக இருந்தது. பங்குனிக்குள் இருவர் அடியும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டது.

மூன்றாம் மாதம் படி. நம் கொம்யூனில் குன்று கிடையாது. அதற்கு முதலில் மயிலம் முருகன் கோயில். சின்ன மலை, காலை நேரத்தில் போய் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கி வரலாம். அடுத்து செஞ்சி. புதுச்சேரியிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் ராஜகிரி, தரையிலிருந்து ஏறத்தாழ 800 அடி, அதாவது 240 மீட்டர் சொச்சம். கங்கோத்ரியிலிருந்து முதல் நாள் தங்கும் போஜ்பாசாவுக்கு ஏற்றம் 700 மீட்டர் அளவில். ஒரு நாளில் ராஜகிரியை மூன்று முறை ஏறுவதற்குச் சமம். அப்படி யாரும் ஏற வேண்டியதில்லை. ஒரு ஏற்றம் முடிந்தபோது உடம்பில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள், அதுவே போதிய விடை. கோட்டை திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், பாறை சூடேறுவதற்குள் இறங்கிவிடலாம். சாப்பாட்டைப் பைக்குள் மூடி வையுங்கள், குரங்குகள் விடாது. வில்லியனூரைத் தொட்டுப் போகும் சங்கராபரணி புறப்படுவதும் இந்தச் செஞ்சிக் குன்றுகளின் பக்கம்தான். கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது, ஆகவே ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதைக் கவனியுங்கள். ஏற்றம் மூச்சைக் கேட்கும். இறக்கம் முட்டியையும் தொடையையும் கேட்கும். அறுபதுக்கு மேல் பெரும்பாலோர் சிக்குவது இறக்கத்தில். வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைத் தொட்டும் தொடாமலும், ஒரு காலால் மெல்ல, எண்ணி, கீழ்ப்படியில் மற்றக் காலை வைத்து இறங்கிப் பழகுங்கள். தொடைத் தசை எரியும். அந்த எரிச்சல் இரண்டு வாரத்தில் போகும். முட்டிக்குள்ளே குத்துகிற வலி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு வலி.

கடைசிச் சோதனை திருவண்ணாமலையில். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். கங்கோத்ரியிலிருந்து போஜ்பாசாவும் அதே 14 கிலோமீட்டர். சித்திரைத் தொடக்கத்தில், பௌர்ணமி அல்லாத ஒரு நாளில், விடியலுக்கு முன் பையோடு கிரிவலம். இரவு அங்கேயே தங்கி, மறுநாள் ஏழெட்டு கிலோமீட்டர். மூன்றாம் நாள் மீண்டும் கிரிவலம். மலையில் வரப்போகும் மூன்று நாள் தூரமும் இதே வரிசைதான். மூன்றாம் நாள் மாலை இருவரும் ஒருவருக்கொருவர் எரிந்து விழாமல் சாப்பிட உட்கார்ந்தால், நீங்கள் தயார்.

பையில் என்ன

இதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். ஷூ ஒன்றுதான் முக்கியம். வாழ்நாள் முழுக்கச் செருப்பில் நடந்த நம் பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். மாலையில், கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு கடைக்குப் போய் அளவு பாருங்கள். இறங்கும்போது விரல் முன்னால் இடிக்காத அளவுக்கு இடம் இருக்க வேண்டும். வாங்கி இரண்டு மாதமாவது அதைப் போட்டே நடங்கள். மலைக்குப் போகும் முன்தினம் கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல், நீளம் கூட்டிக் குறைக்கிற வகை. முட்டிக்கு அதைவிடப் பெரிய உதவி வேறு கிடையாது.

பருத்தி உடம்புக்கு இதம் என்பது நம் ஊர் வெயிலுக்குத்தான். வியர்வையில் நனைந்த பருத்தி பனிக்காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சும். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ், அதன்மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு. காது மூடும் குல்லா, கையுறை, கறுப்புக் கண்ணாடி. கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் கண்ணாடி இல்லாமல் பனிவெளிச்சத்தில் நிற்கவே வேண்டாம்.

உயரத்தில் பசி மங்கும். பசிக்காமலும் சாப்பிட வேண்டும், அதற்கு வாய்க்குப் பழகின ருசி உதவும். எள்ளுருண்டை, கடலைமிட்டாய், இஞ்சி மரப்பா, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஓர் எலுமிச்சை ஊறுகாய். மேலே தங்குமிடங்களில் கிடைப்பது ரொட்டி, பருப்பு, கிச்சடி. அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், ஆகவே சோறு நம் பக்குவத்துக்கு வேகாது. அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

போகிற வழி

புதுச்சேரியிலிருந்து டெல்லிக்கு வாரம் ஒருமுறை நேர் ரயில் இருக்கிறது. நாள் பொருந்தாவிட்டால் சென்னை போய் ஏறலாம். டெல்லியிலிருந்து ஹரித்வார். அங்கே ஓர் இரவு நன்றாகத் தூங்குங்கள். உத்தராகண்ட் அரசின் சார்தாம் பதிவு கட்டாயம், ஊரிலேயே இணையத்தில் செய்துகொள்ளுங்கள். கங்கோத்ரி தேசியப் பூங்காவுக்குள் நுழைய வனத்துறை அனுமதி தனி. கோமுகப் பாதையில் ஒரு நாளைக்கு 150 பேர்தான் என்பது விதி, அதனால் இதையும் முன்கூட்டி வாங்க வேண்டும். அடையாள அட்டை நகல் நாலைந்து வைத்திருங்கள்.

ஹரித்வாரிலிருந்து ஒரே நாளில் கங்கோத்ரி கொண்டுபோய்விடுகிறோம் என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள். கொண்டுபோவார்கள். நீங்கள் போகாதீர்கள். முதல் நாள் உத்தரகாசி, உயரம் 1,150 மீட்டர் அளவு. மறுநாள் ஹர்சில், 2,600. அங்கே இரண்டு இரவு. தேவதாரு மரங்களும் ஆப்பிள் தோட்டங்களும் பாகீரதி விரிந்து ஓடும் மணல்படுகையும் உள்ள ஊர். பகலில் மெல்ல நடந்து சுற்றுவதே உடம்புக்கு மருந்து. பிறகு கங்கோத்ரியில் இரண்டு இரவு. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் விதி. கங்கோத்ரியிலிருந்து போஜ்பாசா போவதே அதைக் கொஞ்சம் மீறுகிறது. அதற்கு ஈடாகத்தான் கீழே இந்த நாலு இரவு. எழுபது வயதுக்காரர்கள் பலர் சுகமாகப் போய்வருவதும், முப்பது வயதுக்காரர்கள் வாந்தியோடு இறங்குவதும் இந்த நாலு இரவில் தீர்மானமாகிறது.

ஹர்சிலுக்கு அடுத்துள்ள தராலியில் 2025 ஆகஸ்ட் 5 அன்று கீர்கங்கா ஓடை வெள்ளமும் சேறுமாக இறங்கி ஊரின் பெரும்பகுதியை மூடியது. ஜூலை, ஆகஸ்டில் இந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்று சொல்வதற்கு வேறு காரணம் தேவையில்லை. மற்ற மாதங்களிலும் கிளம்புவதற்கு முன் சாலை நிலவரம் கேளுங்கள்; தங்கும் இடம் ஓடை வந்து சேரும் வாயில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடையின் முதல் நாள் விடிந்ததும் கிளம்ப வேண்டும். கங்கோத்ரி கோயில் பக்கத்துப் படிகளில் ஏறினால் பாகீரதியின் கரையோரமாகவே பாதை போகிறது. இரண்டு கிலோமீட்டரில் கன்கூ சோதனைச் சாவடி. அனுமதிச் சீட்டைப் பார்ப்பார்கள், பைக்குள் உள்ள பிளாஸ்டிக்கைக் கணக்கெடுப்பார்கள். கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டுங்கள். ஒன்பதாவது கிலோமீட்டரில் சீர்பாசா, 3,600 மீட்டர். பைன் மரங்களின் நிழல் கடைசியாகக் கிடைக்கும் இடம். இங்கே அரைமணி உட்கார்ந்து, சாப்பிட்டு, ஒருவரை ஒருவர் நன்றாகப் பாருங்கள்.

இதற்கு அடுத்த பகுதிதான் இந்தப் பாதையிலேயே கவனம் வேண்டிய இடம். கீலா பஹாட் என்று வழிகாட்டிகள் சொல்லும் சரிவில் மேலிருந்து கற்கள் உருண்டு வரும். காற்று தள்ளிவிடும், பரல் என்னும் நீல ஆடுகள் மேலே நடக்கும்போதும் தட்டிவிடும். நாங்கள் அந்த இடத்தை நெருங்கியபோது எங்கள் சுமைக்காரப் பையன் கையை நீட்டி நிறுத்தினான். மேலே அண்ணாந்து பார்த்தபடி ஐந்து நிமிடம் போல நின்றான். ஒரு கைப்பிடி மண் சரசரவென்று இறங்கியது, அதன் பின்னால் தேங்காய் அளவுக்கு ஒரு கல் பாதையில் ஒருமுறை குதித்து ஆற்றுக்குள் போனது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்துதான், "சலோ மாதாஜி" என்றான். அங்கே போட்டோ எடுக்க நிற்காதீர்கள், ஷூ கயிறு கட்டக்கூட உட்காராதீர்கள். ஒருவர் கடந்து முடித்த பிறகு மற்றவர். தம்பதியர் அருகருகே நடக்கக்கூடாத ஒரே இடம் இது. நண்பகலுக்கு முன் கடந்துவிட்டால் நல்லது. பிற்பகலில் காற்றும் கூடும், பனி உருகி ஓடைகளும் பெருகும்.

போஜ்பாசா 3,775 மீட்டர் அளவு. கர்வால் மண்டல வளர்ச்சிக் கழக விடுதியும் லால்பாபா ஆசிரமமும் அங்கே உண்டு. மே கடைசியிலும் இரவில் பூஜ்யத்தைத் தொடும் குளிர். போனதும் படுக்காதீர்கள். ஈர உடையை மாற்றி, சூடாக எதையாவது குடித்து, ஒரு மணி நேரம் மெல்ல நடமாடிவிட்டுப் பிறகு படுங்கள்.

இரண்டாம் நாள் கோமுகம். போக நாலு கிலோமீட்டர், வர நாலு. பாதை என்று பெரிதாக இருக்காது, பனியாறு தள்ளிக் கொட்டிய பாறைக் குவியல்களுக்கு இடையே அடையாளமாக வைத்த கற்களைப் பார்த்து நடக்க வேண்டும். எதிரே பாகீரதிச் சிகரங்கள். அருகே போகப்போக வலப்புறம் சிவலிங்கச் சிகரம், 6,543 மீட்டர், வெள்ளைக் கூம்பாக எழும்பும். கங்கோத்ரிப் பனியாறு 30 கிலோமீட்டர் நீளம். நாம் பார்ப்பது அதன் நுனியை மட்டும். சாம்பல் பூத்த பனிச்சுவர், அதில் நீல வெட்டுகள், அடியில் கலங்கிய தண்ணீர் பனிக்கட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியேறும் சத்தம். அது பல பத்தாண்டுகளாகப் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது. தாத்தா காலத்து யாத்ரீகர்கள் நின்ற இடத்தில் இன்று வெறும் கல்தான். சுவர் இன்னும் உடைந்து விழுந்துகொண்டிருக்கிறது. ஆகவே வனத்துறை நிறுத்தச் சொல்லும் தூரத்திலேயே நில்லுங்கள். தீர்த்தம் கொஞ்சம் கீழே ஆற்றில் எடுத்தாலும் அதே தண்ணீர்தான். அதற்கு மேலே தபோவனம், 4,460 மீட்டர். பனியாற்றைக் கடந்து செங்குத்தாக ஏற வேண்டும். அதை இந்த நூலின் வாசகர்களுக்கு நான் பரிந்துரைக்கவில்லை.

அன்று இரவு மீண்டும் போஜ்பாசா, மூன்றாம் நாள் கங்கோத்ரி. கோமுகம் பார்த்த அன்றே கீழே இறங்கிவிடலாம் என்று சிலர் கிளம்புவார்கள். 8 கிலோமீட்டர் நடந்த காலோடு இன்னும் 14 கிலோமீட்டர் இறக்கம், அதிலும் கல் விழும் சரிவைப் பிற்பகலில் கடப்பது. வேண்டாம். இந்த மூன்று நாளுக்கு மேல் ஒரு நாளைச் சும்மா கையில் வைத்திருங்கள். மேகம் கட்டினால் அந்த நாளைச் செலவழியுங்கள். 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தரகாசிப் பக்கத்து சகஸ்ரதால் பாதையில் திடீர்ப் பனிப்புயலில் சிக்கிக் கர்நாடகத்திலிருந்து போன குழுவில் ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள், ஒருவருக்கு எழுபதுக்கு மேல். அனுபவமும் வழிகாட்டிகளும் இருந்தும் வானிலை அவர்களை விடவில்லை. ஜூன் மாதம் என்பதால் பனி வராது என்று எண்ணக்கூடாது.

உடம்பு சொல்வதைக் கேட்பது

3,900 மீட்டரில் காற்றழுத்தம் நம் ஊரில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, அசதி: இவை உயர நோயின் தொடக்கம். தலைவலியோடு இன்னொன்று சேர்ந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். ஓய்வெடுத்தும் குறையவில்லை என்றால் இறங்குங்கள். படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலில் நுரை, நேராக நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவென்றும் பாராமல் ஆள் துணையோடு இறங்க வேண்டும். 300 மீட்டர் இறங்கினாலே பலருக்கு வித்தியாசம் தெரியும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். கை சில்லிட்டிருந்தால் அது குறைத்துக் காட்டும். காலையிலும் மாலையிலும் ஒருவரை ஒருவர் கேளுங்கள்: தலை வலிக்கிறதா, சாப்பிட்டது தங்குகிறதா, ராத்திரி தூங்கினீங்களா, ஒண்ணுக்குப் போனீங்களா. "எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்று மழுப்புகிற பழக்கம் நம் வீட்டுப் பெண்களுக்கு உண்டு. "சும்மா வாயு" என்கிற பழக்கம் ஆண்களுக்கு. இரண்டையும் ஏற்காதீர்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. வழியில் கழிப்பறை கிடையாது என்று எண்ணித் தண்ணீர் குடிக்காமல் நடப்பது, நம் பெண்கள் அந்தப் பாதையில் செய்யும் மிகப் பெரிய கெடுதல். நாக்கு வறண்டு தலை வலிக்கும். உயர நோயா நீர்ச்சத்துக் குறைவா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. ஒரு பெரிய துப்பட்டாவோ லேசான போர்வையோ பையின் மேலாக வையுங்கள், கணவர் மறைப்பாகப் பிடித்து நிற்கட்டும். ஓடையிலிருந்து தள்ளி, பாறை மறைவில் போகலாம். நாள் முழுக்க மூன்று லிட்டர் குடித்தாக வேண்டும். சேலையில் நடப்பவர்களையும் அங்கே பார்க்கலாம். பாறைக் குவியலில் கால் வைக்கும் இடம் தெரிய வேண்டும், ஆகவே சல்வாரோ பேண்ட்டோ போடுங்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நம் புதுச்சேரி மாநிலத்துக் காரைக்கால் அம்மையார் கைலைக்குத் தலையாலேயே நடந்து போனதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அப்பர் பெருமான் தளர்ந்த வயதில், கால் தேய்ந்தபின் கையாலும் மார்பாலும் ஊர்ந்து போனார் என்றும் அதே நூல் சொல்கிறது. நமக்கு நல்ல ஷூவும் ஊன்றுகோலும் இருக்கின்றன, தண்ணீரையும் குடித்துக்கொள்வோம்.

சுமைக்காரர் ஒருவரையாவது கங்கோத்ரியில் அமர்த்திக்கொள்ளுங்கள். அது ஆடம்பரம் இல்லை. ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர் தனியாக என்ன செய்ய முடியும்? கங்கோத்ரியைத் தாண்டினால் தொலைபேசித் தொடர்பை நம்ப முடியாது என்பதால், எந்த நாள் எங்கே தங்குவீர்கள், எந்த நாள் கீழே வந்து பேசுவீர்கள் என்று பிள்ளைகளிடம் எழுதிக் கொடுத்துவிட்டு ஏறுங்கள். மருத்துவக் காப்பீடு மலையேற்றத்துக்கும் மீட்புச் செலவுக்கும் பொருந்துமா என்பதைப் பத்திரத்திலேயே படித்துப் பாருங்கள். முகவர் வாய்ச்சொல் போதாது. மாத்திரைகளை இரண்டாகப் பிரித்து இரண்டு பைகளிலும் வையுங்கள்.

டாக்டர் வேண்டாம் என்று சொன்னால்

அப்போதும் பயணம் கைவிட்டுப் போய்விடாது. கங்கோத்ரி வரை வண்டி போகிறது. கோயிலுக்குப் பக்கத்திலேயே பாகீரதி பாறையைக் குடைந்து விழும் சூரியகுண்டம் இருக்கிறது. தேவதாருக் காட்டுக்குள் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் பாண்டவ குகை. ஆனால் அதற்கும் ஹர்சிலில் இரண்டு இரவு தங்கிய பிறகே போக வேண்டும், ஏனென்றால் கங்கோத்ரியும் 3,000 மீட்டருக்கு மேல்தான். அதுவும் கூடாது என்று மருத்துவர் சொன்னால் ஹர்சிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊருக்குள்ளேயே ஆற்றங்கரை வரை காலையிலும் மாலையிலும் நடந்து வரலாம், மூச்சுக்குச் சிரமம் தெரிந்தால் வண்டியில் மூன்று நான்கு மணி நேரத்தில் உத்தரகாசிக்கு இறங்கிவிடலாம். ஒருவருக்கு மட்டும் அனுமதி கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காவிட்டால், இருவரும் இந்தக் குறுகிய பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரைத் தெரியாத ஊர் விடுதியில் மூன்று நாள் தனியே விட்டுவிட்டு மற்றவர் கோமுகம் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.